யாரும் உட்காராத லவுஞ்சு

மீனா, முத்து, இந்த வருஷம் உங்களோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிற மற்றப் பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிளைவுட்டை எப்படி அறுப்பது, லைட்டுக்கு எங்கே வயர் இழுப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். செல்போனிலேயே வீட்டைக் கட்டிக் காட்டிவிடுகிறீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். முழங்கால் ஏணி ஏற மறுத்ததால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறு. ஒரு வேலை சுத்தமாக முடிந்திருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும், அப்படியும் கெட்டுப்போகும். அந்த நேரத்தில் என்ன செய்வது? அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

பாளையம்பட்டி தாண்டி நிற்கிற பத்து மாடிக் கட்டடம் உங்களுக்குத் தெரியும். அதைக் கட்டியவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். “கரிசக்காட்டுல பத்து மாடிய எவனாச்சும் பாத்திருக்கானா?” என்று கேட்டுக்கொண்டேதான் அஸ்திவாரம் தோண்டினார். சிங்கப்பூருக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தார். வந்ததும் ஆறாவது மாடியில் பாதியை வீடாக விற்காமல் நிறுத்திவிட்டார். “இங்க லவுஞ்சு வைக்கிறோம். குடியிருக்கிறவுகளுக்கு மட்டும். வெளியாளு யாரும் நுழைய முடியாது” என்றார்.

“லவுஞ்சுன்னா என்ன அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“சும்மா வந்து உக்காருற எடம்ப்பா.”

“சும்மா உக்காரவா இம்புட்டுப் பெரிய எடம்?”

“பணக்காரன் சும்மா உக்காந்தா அதுக்குப் பேரு லவுஞ்சு. நீ உக்காந்தா வெட்டிப்பய. போய் வேலையப் பாரு.”

லவுஞ்சுக்குப் படம் போட்டது மதுரையிலிருந்து வந்த கவிதா. சென்னையில் படித்த பெண். படித்த திமிர் துளியும் கிடையாது. ஒரு சோபாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அதில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்லும். படத்தைப் பார்த்து வேலையை முடித்துக்கொடுக்க வேண்டியது நான். அதுவரை பிறத்தியாரிடம் கூலிக்கு சீலிங் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு முழுப் பொறுப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை. “இத ஒழுங்கா முடிச்சுக் குடு, மதுரையில நான் கட்டுற கட்டடத்துக்கு உள்வேலை பூராம் உனக்குத்தான்” என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மதுரை வேலை வந்தால் நான் சொந்தமாக நாலு ஆள் வைத்துப் பிழைத்துக்கொள்வேன். வராவிட்டால் மறுபடியும் எவனோ ஒருவனுடைய சாரத்தில் ஏற வேண்டியதுதான். மீனா, முத்து, அப்போது நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். அப்பாவின் கவலை உங்களுக்குத் தெரியாது, தெரியவும் விடவில்லை.

கவிதாவின் யோசனை இதுதான். நடுவில் பெரிய கம்பளம். அதைச் சுற்றி வட்டமாகத் தாழ்ந்த சோபாக்கள், எல்லாமே ஒன்றையொன்று பார்த்து. ஒரு பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலுக்குக் கனமான வெல்வெட் திரை. “யாரு எங்க உக்காந்தாலும் எல்லாரையும் பாக்கணும்ணே. அப்பத்தான் பேச்சு வரும்” என்றது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் இந்த ஊர்க்காரன். என் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தட்டோடு எழுந்து நிற்கிறவன். அப்படிப்பட்ட எனக்கே இதில் வரப்போகிற கோளாறு தோன்றவில்லை.

வீடுகளை யார் வாங்கினார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலில் வாங்கினவர் திருச்சுழிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நூறு ஏக்கர் புஞ்சை, வெளிநாட்டில் மூத்த மகன், நரைத்த மீசை. அவர் வாங்கினார் என்று அவருடைய சம்பந்தி வாங்கினார். சம்பந்தி வாங்கினார் என்று சம்பந்தியின் தம்பி வாங்கினார். தம்பியின் மருமகன் விடுவாரா? எம்.ரெட்டியபட்டி, பாலவனத்தம் என்று சுத்துப்பட்டுச் சொந்தமெல்லாம் ஆளுக்கொரு மாடியைப் பிடித்துக்கொண்டது. “கல்யாணப் பத்திரிகை வச்ச மாதிரி வித்துப்போச்சுப்பா” என்று அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

சாவி கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. லவுஞ்சில் காபி, கேசரி, வடை எல்லாம் தயார். நானும் கவிதாவும் ஓரமாக நின்றோம்.

முதலில் வந்தது பெரியவரின் மருமகள் செல்வி, கூட இரண்டு பெண்கள். செல்வி நீளச் சோபாவில் உட்கார்ந்ததும் அது உள்ளே வாங்கியது. “ஆத்தீ, இழுக்குதுடி! கையப் பிடிங்கடி!” என்று ஒரே சிரிப்பு. கவிதா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டியது.

லிப்ட் கதவு திறந்து பெரியவர் வந்தார். சுவர்க் கண்ணாடியில் அவர் மீசை தெரிந்ததுதான் தாமதம், மூன்று பெண்களும் சோபாவிலிருந்து நீந்திக் கரையேறி, சுவரோரம் போய் நின்றுவிட்டார்கள். பெரியவர் உட்காரப் போனார். அதற்குள் சம்பந்தி வந்துவிட்டார்.

“உக்காருங்க சம்பந்தி.”

“நீங்க உக்காருங்க.”

“பொண்ணு குடுத்த எடம், நீங்க நிக்க நான் உக்காரவா?”

“பொண்ணு எடுத்தவுக நீங்க, நீங்க நிக்க நாங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

இரண்டு பேரும் நின்றார்கள். சம்பந்தி நிற்கிறாரே என்று அவருடைய தம்பி நின்றார். மாமனார் நிற்கிறாரே என்று தம்பியின் மருமகன் கேசரித் தட்டோடு நின்றார். அவர் நிற்பதால் அவருடைய மச்சினன்மார் நின்றார்கள். லிப்ட் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நிற்க இன்னும் ஒரு காரணம் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் லவுஞ்சு முழுக்க ஆள், நடுவில் காலிச் சோபா, சுவரைச் சுற்றிப் பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியும்.

அந்த நேரத்தில் ஞானமணி வாத்தியார் வந்தார். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் எந்த உறவும் இல்லாத ஒரே மனிதர் அவர்தான். “என்ன, எல்லாரும் போட்டோவுக்கு நிக்கிறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே நடுச் சோபாவில் தாராளமாக உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. ஒருத்தராவது உட்கார்ந்தாரே! இனி ஒவ்வொருத்தராக உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. அங்கே இருந்த ஆண்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவர்கள் சாய்வதை விட்டு நிமிர்ந்து நின்றார்கள். சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிற, தலை நரைத்த ஒருவர் கையில் இருந்த செல்போனைப் பின்னால் மறைத்தார்.

“உக்காருங்கடா” என்றார் வாத்தியார்.

“இருக்கட்டும் சார்.”

“அட உக்காருங்கடா! நான் என்ன கேள்வியா கேக்கப் போறேன்?”

“பரவாயில்ல சார்” என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. கை கட்டியிருந்தது.

வாத்தியாருக்கே சங்கடமாகிவிட்டது. அதோடு, தன்னைவிட மூத்த பெரியவர் நிற்பதை அப்போதுதான் கவனித்தார். பாவம், அவரும் எழுந்துவிட்டார்.

அண்ணாச்சி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். “என்னப்பா இது? எழவு விழுந்த துட்டி வீட்டுலகூட பெஞ்சுல உக்காருவாகய்யா. அடுத்த ஞாயித்துக்கிழம எல்லாரையும் மறுபடி வரச் சொல்லப்போறேன். அன்னிக்கும் நின்னாகன்னு வையி, அம்புட்டுச் சோபாவையும் கீழ இறக்கிட்டு ஜமுக்காளத்த விரிச்சிருவேன். மதுரைக்கும் வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“ஜமுக்காளம் விரிச்சாலும் நிக்கத்தான் செய்வாக அண்ணாச்சி” என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். சொல்வது உண்மையாக இருந்தாலும் சொல்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். கவிதா வியாழக்கிழமைதான் வருவதாக இருந்தது. அதுவரை பொறுக்க முடியாமல் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதால்தானே எழுகிறார்கள்? நடுவில் தடுப்பு அடித்துவிட்டால்? ஆறு சோபாவுக்கு இடையில் ஆறு தடுப்பு, ஆளுயரத்துக்கு, வெள்ளை பெயின்ட், ஒவ்வொன்றுக்கும் பச்சைத் திரை. புதன்கிழமை சாயங்காலம் செல்வி தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிள்ளை ஒரு தடவை உள்ளே பார்த்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஊசி வேண்டாம்மா, ஊசி வேண்டாம்மா” என்று வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது.

“அது ஊசி போடுற எடம் இல்லடா தங்கம், அங்க சும்மா உக்காருவாக” என்று செல்வி சொல்லச் சொல்ல அது கேட்கவில்லை. பிள்ளைமேல் தப்பு சொல்ல முடியாது. நானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அடுத்த டோக்கன் யாரு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பதற்றத்தில் கை தனக்குப் பழகின வேலையைத்தான் செய்யும். எனக்குத் தடுப்பு அடிக்க வரும், அடித்துவிட்டேன். அந்த மாதிரி நேரத்தில் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கூட வேலை பார்க்கிறவர் வரும்வரையாவது நில்லுங்கள். தடுப்பைக் கழற்றியபோது சோபாவின் பக்கத்துப் பலகையிலெல்லாம் ஆணி ஓட்டை. அதை அடைக்கவே தனி வேலையாகப் போயிற்று.

வியாழக்கிழமை கவிதா வந்தது. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் மதுரையிலிருந்து பஸ், பிறகு டவுன் பஸ். உள்ளே வந்ததும் தடுப்புகளை ஒரு சுற்று பார்த்தது. என்னைத் திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, “அண்ணே, ஒன்னு கேக்கட்டுமா?” என்றது.

“கேளுங்க மேடம்.”

“செல்வியக்காவும் நானும் டவுன் பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்து சீட்டு. நடுவுல பெரியவர் ஏறினாரு. நான் எந்திரிக்கப் போனேன். செல்வியக்கா அசையவே இல்ல. ஏன்?”

“அவுக மாமனாரப் பாத்திருக்க மாட்டாக.”

“நல்லா பாத்தாங்கண்ணே. பாத்துட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினாங்க. அவரு தாண்டிப் போற வரைக்கும் வெளியவே பாத்தாங்க. வெளிய என்ன இருந்துச்சு தெரியுமா? நின்னுக்கிட்டிருந்த ஒரு லாரியோட டயரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பஸ்ஸுல அப்படித்தான் மேடம். அவரும் மருமகளப் பாத்திருப்பாரு. பாக்காத மாதிரி முன்னால போய் உக்காந்திருப்பாரு. பாத்தா அது எந்திரிக்கணும், ஓடுற பஸ்ஸுல விழுந்து வைக்கும். அதனால இவரு பாக்க மாட்டாரு, அதுவும் பாக்காது. ரெண்டு பேரும் மரியாதையாத்தான் நடந்துக்கிறாக.”

கவிதா என்னையே பார்த்தது. பிறகு கண்ணாடிச் சுவரைப் பார்த்தது. “அப்ப நான் இங்க என்ன பண்ணி வச்சிருக்கேன்? பாக்காம இருக்க ஒரு எடம்கூட விடலையே. அந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில தெரியுறாங்க.”

“எம் மாமனார் வந்தா நான் எங்க பாப்பேன்னு நானும் யோசிக்கலையே மேடம்.”

“லாரி டயர் வேணும்ணே” என்று சொல்லிவிட்டு அது படபடவென்று வெல்வெட் திரையை இழுத்தது. திரைக்குப் பின்னால் நான்குவழிச் சாலை, அதற்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு, வற்றின கண்மாய், கண்மாய்க்குள் ஆடு. ஆறாவது மாடியிலிருந்து எல்லாமே தெரிந்தது. திரை போட்டு அதை மூடி வைத்திருந்தோம்.

தன் படத்தைத் தானே கிழித்துவிட்டுப் புதுசாக வரைவதற்கு ஒரு மனசு வேண்டும். அந்தப் பெண் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்து தந்தது. சோபாக்கள் எல்லாம் ஜன்னலைப் பார்த்து, மூன்று வரிசை. வாசல் முதுகுப் பக்கம். உள்ளே வருகிறவருக்குத் தலை தெரியாத மாதிரி சாய்மானத்தை ஒரு முழம் உயர்த்த வேண்டும். கண்ணாடியைக் கழற்ற நேரம் இல்லை, அதன்மேல் துணி ஒட்டிவிடலாம். வெள்ளி, சனி இரண்டு நாளும் நானும் என் ஆட்களும் அங்கேயேதான் கிடந்தோம். சாய்மானத்துக்கு அடித்த சட்டம் சரியாக உட்காராமல் கிறீச்சிட்டது. அதைச் சரி பண்ண நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. செல்வியும் கூட்டாளிகளும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். லிப்ட் திறந்தது. பெரியவர் வாசலில் நின்றார். அவருக்குத் தெரிந்தது மூன்று வரிசைச் சோபா முதுகு. அவர் தொண்டையைச் செருமினார். முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் நின்றது. யாரும் திரும்பவில்லை. செல்வி கண்மாய் ஆட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கும். பெரியவர் ஒரு கணம் நின்றார். பிறகு கடைசி வரிசையில் மெதுவாக உட்கார்ந்து மீசையைத் தடவிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

கவிதா என் கையைக் கிள்ளியது. இன்னமும் வலிக்கிறது.

சம்பந்தி வந்து நடுவரிசையில் உட்கார்ந்தார். தம்பி, மருமகன், மச்சினன்மார் எல்லாரும் உட்கார்ந்தார்கள். வாத்தியார் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நேர் பின்னால் லாரிக்காரர், கால்மேல் கால் போட்டு, காபியை உறிஞ்சிக்கொண்டு. பேச்சு ஆரம்பித்தது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல், சாய்மானங்களுக்கு மேலே குரல் மட்டும் போய் வந்தது.

“அந்தா மேயுறது நம்ம பாலவனத்தத்து ஆடு மாதிரில்ல இருக்கு?”

“அங்க இருந்து இங்க நடந்து வந்துச்சாக்கும்?”

“யாரு அது குறுக்க பேசுறது?”

“யாரோ பேசுறாக, விடுங்க.”

“சின்னப்பய குரல் மாதிரி இருக்கு.”

“சின்னப்பய காபி குடிக்கிறான், தொந்தரவு பண்ணாதீக.”

ஒரே சிரிப்பு. வட்டமாக உட்கார வைத்திருந்தால் மாமனாரிடம் மருமகன் இப்படி வாயாடியிருப்பானா?

எல்லாம் கூடி வந்த நேரத்தில் அண்ணாச்சி உள்ளே வந்தார். புது வேட்டி, கையில் வயர் போட்ட மைக். யாருமே நிற்காததைப் பார்த்ததும் முகம் பூத்துவிட்டது. வாழ்த்துரை ஒன்று தயாராக வைத்திருந்தார். சோபாக்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஜன்னலோரத்துக்கு நடக்க ஆரம்பித்தார்.

அண்ணாச்சி முன்னால் போய் நின்றால் எல்லாரும் அவரைப் பார்த்தாக வேண்டும். வீடு கட்டிக் கொடுத்தவர் நிற்கும்போது பெரியவர் உட்கார்ந்திருக்க மாட்டார். பெரியவர் எழுந்தால் அவ்வளவுதான். கூப்பிட நேரம் இல்லை, கூப்பிட்டால் எல்லாரும் திரும்புவார்கள். தரையில் மைக் வயர் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் காலை வைத்து மிதித்துவிட்டேன்.

அண்ணாச்சி கயிறு கட்டின கன்னுக்குட்டி மாதிரி ஒரு ஆட்டம் ஆடி நின்றார். நான் ஓடிப்போய்க் காதோரம் சொன்னேன். “அண்ணாச்சி, முன்னால போகாதீக.”

“ஏன்யா?”

“உங்களப் பாத்தா எந்திரிச்சிருவாக.”

“நான் கட்டுன கட்டடத்துல நான் முன்னால போகக் கூடாதா?”

“இங்கன பின்னால நின்னே பேசுங்க. கண்டக்டர் பேசுற மாதிரி நெனச்சுக்கங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மதுரை வேலை போயே போச்சு என்று நினைத்தேன். முதலாளியின் வயரை மிதிக்கலாமா என்று கேட்டால், மிதிக்கக் கூடாது என்றுதான் உங்களுக்குச் சொல்லுவேன். ஆனால் அவர் கேட்டது உட்காருகிற லவுஞ்சு. அவரே அதைக் கெடுக்கப் போகும்போது அவர் கேட்டதைக் காப்பாற்றுவதா, அவர் முகத்தைக் காப்பாற்றுவதா? அதை யோசித்து முடிவெடுக்க அப்போது எனக்குக் கிடைத்தது அந்த வயர் ஓடுகிற நேரம்தான்.

அண்ணாச்சி மூன்று வரிசை முதுகையும் ஒரு தடவை பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“எல்லாருக்கும் வணக்கம். யாரும் திரும்ப வேண்டாம்.”

லவுஞ்சே குலுங்கிச் சிரித்தது, ஜன்னலைப் பார்த்து. ஒருவர்கூட எழவில்லை. தயாராக வைத்திருந்த வாழ்த்துரையை விட்டுவிட்டு அண்ணாச்சி ஏதேதோ பேசினார், நன்றாகவே பேசினார். பேசி முடித்ததும் எல்லாரும் ஜன்னலுக்குக் கை தட்டினார்கள்.

அப்புறம் அவர் கடைசி வரிசையில், பெரியவரிடமிருந்து ஒரு சோபா தள்ளி உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். காபி வந்தது. குடித்தார். திரும்பாமலே பேசினார்.

“செல்வராசு.”

“அண்ணாச்சி.”

“நின்னுக்கிட்டா இருக்க?”

“ஆமா அண்ணாச்சி.”

“அந்த மூலையில சோபா காலியாத்தான இருக்கு? போய் உக்காரு. நான் பாக்கல.”

போய் உட்கார்ந்தேன். முதலாளிக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் கண்மாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மதுரையில எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டார்.

பதில் சொல்வதற்காக நான் எழுந்தேன். சாய்மானச் சட்டம் கிறீச்சிட்டது.

“எந்திரிச்சிட்டேல்ல?” என்றார், திரும்பாமலே. “உக்காந்து சொல்லுய்யா.”

உட்கார்ந்து சொன்னேன்.